இலை இழுக்கும் நீர்: திருகோணமலையில் புதிதாகத் தோட்டம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், புதிதாக வீட்டுத்தோட்டம் போட்டவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: காலையில் வாளி வாளியாகத் தண்ணீர் விட்ட கத்தரியும் வெண்டியும் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் இலை தொங்கி நிற்கின்றனவே, இன்னும் விட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை, சில வேளைகளில் விடுவதே கேடாக முடியும். இந்த விடையை மனப்பாடம் செய்துகொள்வதில் பயனில்லை. நீர் வேரிலிருந்து இலைக்கு எப்படிப் போகிறது, அங்கிருந்து எப்படி வெளியேறுகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், எந்தச் செடிக்கு எப்போது என்ன தேவை என்பதை அவரவரே தீர்மானிக்கலாம். அதற்கான படிகளை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் சேர்ந்து செய்யுங்கள். நீர் ஏறும் குழாயான காழ், இலையிலுள்ள நுண்துளையான இலைவாய், இலையால் நீர் ஆவியாகிப் போகும் ஆவியுயிர்ப்பு என்று பாடநூலில் படிப்பவை எல்லாம் முற்றத்திலேயே கிடைக்கும்.

தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

வேர்தான் நீரை மேலே தள்ளுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். சிறிதளவுக்கு அது உண்மை. வேரமுக்கம் என்று ஒன்று உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் பகல் வெயிலில் நீரை உச்சிவரை கொண்டு செல்வது இலையின் இழுப்பு. இலைக்குள் கலங்களுக்கிடையே காற்றிடைவெளிகள் உள்ளன. அங்கே நீராவி எப்போதும் நிறைந்திருக்கும். வெளிக்காற்று அதைவிட உலர்ந்தது. ஆகவே இலைவாய்கள் திறந்திருக்கும் நேரமெல்லாம் நீராவி வெளியே போய்க்கொண்டே இருக்கும். போன நீரின் இடத்தை நிரப்ப, கலச்சுவரின் நுண்ணிய இடுக்குகளில் உள்ள நீர்ப்படலம் தனக்குப் பின்னாலுள்ள நீரை இழுக்கும்; அந்த இழுப்பு இலை நரம்பின் காழுக்கும், தண்டுக்கும், கடைசியில் வேருக்கும் போய்ச் சேரும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை என்பதால், வடம் பிடிப்போரின் பலம் வடத்தின் வழியே தேர் வரை போவதுபோல, இலையில் தோன்றும் இழுவிசை அறுபடாமல் வேர் வரை போகிறது. 1894 இல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜோன் ஜொலியும் முன்வைத்த விளக்கம் இது. பிணைவு இழுவிசைக் கொள்கை என்ற பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

இந்த இழுப்பின் அளவை உணரப் பனையை நினைத்துப் பாருங்கள். உறிஞ்சி இழுக்கும் எந்தப் பம்பியும் நீரை ஏறத்தாழ 10 மீற்றருக்கு மேல் ஏற்ற முடியாது. கிணற்றுக் கட்டில் வைத்த மோட்டர் ஆழக் கிணற்றில் திணறுவது அதனால்தான். மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறும் மயிர்த்துளை எழுச்சியை நம்பினாலும் போதாது, 0.15 மில்லிமீற்றர் விட்டமுள்ள காழ்க்கலனில் அது நீரை 20 சென்ரிமீற்றர் அளவுக்கே உயர்த்தும். பனையோ 30 மீற்றர் வரை வளர்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 50 சதவீத சாரீரப்பதனும் உள்ள காற்று நீரை இழுக்கும் வல்லமையை அமுக்கமாகக் கணக்கிட்டால், அது 900 வளிமண்டல அமுக்கத்தைத் தாண்டுகிறது. உயரம் ஒவ்வொரு 10 மீற்றர் கூடுவதற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல இழுவையும், குழாய்ச் சுவரின் உராய்வை மீற இன்னும் கொஞ்சமும் போதும் என்பதால், பனங்குருத்துக்கு நீர் போவதில் வியப்பில்லை. இந்த ஏற்றத்துக்கு உயிருள்ள கலங்களின் உழைப்புத் தேவையில்லை என்பதை 1890களில் ஜேர்மனியில் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் காட்டினார்: அடியில் அறுத்த உயரமான மரங்களைக் கலங்களைக் கொல்லும் நச்சுக் கரைசலில் நிறுத்தியபோதும் கரைசல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆவியாகவே போய்விடுகிறது. செடிக்கு இதைத் தவிர்க்க வழியில்லை. மாவுப்பொருள் செய்வதற்கு வேண்டிய காபனீரொட்சைட்டை உள்ளே விட இலைவாய் திறக்க வேண்டும். திறந்தால் நீர் போகும். கத்தரி, தக்காளி போன்ற பயிர்களில் ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறை நிலைப்படுத்துவதற்குள் ஏறத்தாழ 400 நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடுகின்றன. சோளம், கரும்பு போன்றவை இதைவிடச் சிக்கனமானவை. தோட்டக்காரர் செய்யும் வேலை எல்லாம் இந்தக் கொடுக்கல் வாங்கலில் செடி நட்டப்படாமல் பார்த்துக்கொள்வதுதான்.

படி ஒன்று: நீர் ஏறும் வழியைப் பார்த்தல்

இதற்குக் காசித்தும்பையைவிடச் சிறந்த செடி இல்லை. அதன் தண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உட்புறம் தெரியுமளவுக்கு ஒளி புகக்கூடியது. ஒரு சாண் நீளமுள்ள இரண்டு கிளைகளை எடுத்து, அடியை நீர் நிறைந்த சட்டிக்குள் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே கூரிய பிளேட்டால் மறுபடி சாய்வாக வெட்டுங்கள். காற்றில் வெட்டினால், இழுவையில் இருக்கும் நீர் பின்வாங்க, வெட்டுவாயால் காற்று நுழைந்து குழாயில் குமிழாக நின்றுவிடும். குமிழ் நின்ற குழாயில் நீர் ஏறாது. பூச்சாடியில் வைக்கும் பூக்கள் ஒரே நாளில் தலை சாய்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஒரு கிளையில் இலைகளை அப்படியே விட்டு, மற்றதில் இலைகள் அனைத்தையும் கிள்ளிவிடுங்கள். கடையில் விற்கும் சிவப்பு உணவு நிறத்தை நீரில் கெட்டியாகக் கலந்து, இரு கிளைகளையும் அதில் நிறுத்தி, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள விறாந்தையில் வையுங்கள். சில மணித்தியாலங்களுக்குள் இலையுள்ள கிளையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் மேலேறி, நரம்புகளுக்குள் கிளைவிட்டுப் பிரிவது தெரியும். இலை நீக்கிய கிளையில் நிறம் கீழேயே தயங்கி நிற்கும். மேலே சொன்ன கொள்கை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. ஆகவே இரண்டாவது கிளையை வைக்காமல் இந்தப் படியைச் செய்ய வேண்டாம்.

பிறகு நிறம் ஏறிய தண்டைக் குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டி, வெள்ளைப் பீங்கானில் வைத்துப் பாருங்கள். தண்டு முழுவதும் சிவந்திருக்காது. ஓரத்தை ஒட்டி வளையமாகச் சிறு சிவப்புப் புள்ளிகள் மட்டும் தெரியும். நடுப்பகுதியும் வெளித்தோலும் வெளிறியே இருக்கும். அந்தப் புள்ளிகளே காழ். முதிர்ந்த காழ்க்கலனில் உயிர்ப்பொருள் ஏதுமில்லை. மரத்துக்கு உறுதி தரும் பொருளான இலிக்னின் படிந்து தடித்த சுவர் மட்டுமே எஞ்சியிருக்கும். அந்தத் தடிப்பு இல்லாவிட்டால் இழுவையில் குழாய் உள்நோக்கி நசுங்கிவிடும். இலையில் செய்த உணவைக் கீழே கொண்டுவரும் உரியம் இதற்கு வெளியே, மரங்களில் பட்டையோடு ஒட்டியபடி இருக்கிறது. மாதுளையிலும் தேசியிலும் காற்றுப்பதியம் வைப்போர் பட்டையை ஒரு வளையமாகச் சீவி எடுத்த பின்பும் மேற்கிளை வாடாமல் நிற்பதற்குக் காரணம், அவர்களுடைய கத்தி உரியத்தை எடுத்துக் காழை விட்டுவிட்டது என்பதே.

தென்னையிலும் பனையிலும் இந்த வளையத்தைத் தேட வேண்டாம். காழும் உரியமும் சேர்ந்த அவற்றின் கலன்கட்டுகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன. தறித்த பனந்துண்டில் தெரியும் கருநார்கள் அவற்றை உறையிட்டிருப்பவை. புதிய குழாய்களை உண்டாக்கும் மாறிழையம் இம்மரங்களில் இல்லாததால் அறுந்த குழாய்க்குப் பதிலாகப் புதியது உண்டாகாது. மரம் வாழும் காலம் முழுவதும் அதே குழாய்களே நீர் தர வேண்டும். ஏறுவதற்கு வசதியாகத் தென்னந்தண்டில் படி வெட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த வெட்டு ஆறுவதே இல்லை.

படி இரண்டு: நீர் வெளியேறும் வாயைக் கண்டுபிடித்தல்

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கைபொறுக்காத சூட்டில் நீரை ஊற்றி, அப்போதே பறித்த கொய்யா அல்லது மாவிலையை அதில் அமிழ்த்துங்கள். சூட்டில் இலைக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும்போது, இலையின் கீழ்ப்பக்கத்தில் பொடிக் குமிழ்கள் வரிசையாக முளைப்பதையும், மேற்பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருப்பதையும் காணலாம். குமிழ் வரும் இடங்களில் இலைவாய்கள் இருக்கின்றன. வெயில் நேரே விழாத பக்கத்தில் வாயை வைத்திருப்பது பெரும்பாலான மரங்களின் ஏற்பாடு. குளத்தில் மிதக்கும் அல்லியிலையில் இது தலைகீழ். கீழ்ப்பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் இலைவாய்கள் மேற்பக்கத்திலேயே உள்ளன. நெல்லிலும் புல்லிலும் இருபக்கமும் உண்டு.

பாடசாலை நுணுக்குக்காட்டி கிடைத்தால், கீழ்ப்பக்கம் ஊதாவாக இருக்கும் றியோச் செடியின் இலையை மடித்து ஒடித்து, அடித்தோலை உரித்து, ஒரு துளி நீரில் வைத்துப் பாருங்கள். ஊதாக் கலங்களுக்கு நடுவே இரண்டிரண்டு பச்சைக் காவற்கலங்கள் தனித்துத் தெரியும். பொற்றாசியம் அயன்கள் உள்ளே போகும்போது அவற்றைத் தொடர்ந்து நீரும் போய், காவற்கலங்கள் விறைத்து வளைந்து நடுவே துளை திறக்கும். அயன்கள் வெளியேறினால் தளர்ந்து மூடும். மண் உலர்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் இந்த மூடலைத் தூண்டுகிறது. துளைகள் முழுவதும் திறந்திருக்கும்போதுகூட அவற்றின் பரப்பு இலைப் பரப்பில் ஓரிரு சதவீதம்தான். இலையின் மற்றப் பரப்பெல்லாம் மெழுகுப் புறத்தோலால் மூடப்பட்டிருக்கிறது.

படி மூன்று: போகும் நீரை நிறுத்துப் பார்த்தல்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். ஒரு தயிர்ச்சட்டியில் நன்றாக வேர்பிடித்த தக்காளிக் கன்று ஒன்றை எடுத்து, மாலையில் நீர் விட்டு வடியவிடுங்கள். மண்ணிலிருந்தும், மட்சட்டியின் சுவரிலிருந்தும் நீர் ஆவியாகும் என்பதால், மறுநாள் விடியலில் சட்டி முழுவதையும் பொலித்தீன் பைக்குள் இட்டு, பையின் வாயைத் தண்டின் அடியில் நூலால் கட்டிவிட வேண்டும். இப்போது நீர் வெளியேற இலை ஒன்றே வழி. சமையலறை இலத்திரனியல் தராசில் காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு மணிகளில் நிறுத்து எழுதுங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலீற்றர் நீர்.

இது பழைய முறை. இங்கிலாந்தில் ஸ்டீவன் ஹேல்ஸ் 1724 இல் சாடியில் வளர்ந்த சூரியகாந்தி ஒன்றின் மண்ணை ஈயத்தகட்டால் மூடி, காலையும் மாலையும் நிறுத்து, பகல் 12 மணித்தியாலத்தில் அது சராசரியாக 1 இறாத்தல் 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 570 கிராம் நீரை இழக்கிறது என்று கண்டார். 1727 இல் அதை வெளியிட்டார். தராசும் பொறுமையும் தவிர வேறெதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

உங்கள் தாளில் எழுதிய எண்களில் நான்கு விடயங்களைக் கவனியுங்கள். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையிலான இழப்பே பெரிதாக இருக்கும். இரவில் இலைவாய்கள் மூடிவிடுவதால் இழப்பு மிகச் சிறிதாகிவிடும். அடுத்த நாள் அதே சட்டியை அதே வெயிலில் மின்விசிறிக் காற்றுப் படும்படி வைத்தால் எண் பெரும்பாலும் கூடும். இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றுப் படலத்தைக் காற்று வாரிக்கொண்டு போவதே காரணம், கச்சான் காலத்தில் தோட்டத்துக்கு நடப்பதும் இதுதான். நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பைக்குள் மண் உலர உலர, இலை வாடுவதற்கு முன்பே நண்பகல் இழப்புக் குறையத் தொடங்கும். நாம் எதையும் காணுமுன்பே செடி வாயை மூடத் தொடங்கிவிட்டது. மூடிய நேரமெல்லாம் அதற்கு உணவும் குறைகிறது, வெப்பமும் ஏறுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது இலையிலிருந்து ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், அந்தக் குளிர்ச்சி நின்றுபோன இலையைத் தொட்டாலே பக்கத்திலுள்ள நல்ல இலையைவிடச் சூடாக இருப்பதை உணரலாம்.

தராசு இல்லாதவர்கள் ஒரு கிளைநுனியில் தெளிவான பொலித்தீன் பையைக் கட்டி, உட்புறம் நீர்த்துளிகள் படிவதையாவது பார்க்கலாம். வெயிலில் பைக்குள் இலை வெந்துவிடும் என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விட வேண்டாம். கற்றாழை, அன்னாசி, நாகதாளி ஆகியவற்றில் பகலில் இதைச் செய்து ஏமாற வேண்டாம். அவை இரவில் இலைவாய் திறந்து காபனீரொட்சைட்டைச் சேமித்து, பகலில் மூடிக்கொள்பவை.

படி நான்கு: வாட்டத்தை வாசித்தல்

இனித்தான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். வாடிய செடியை நண்பகலில் மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அதே செடியைச் சூரியன் எழுமுன் ஒருமுறையும், பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறையும், பொழுதுபட்ட பின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பார்க்கும்போது சுட்டுவிரலை மண்ணுக்குள் முழுவதும் விட்டு ஈரத்தையும் சோதிக்க வேண்டும்.

பிற்பகலில் தொங்கி, பொழுதுபடும்போது நிமிர்ந்து, விடியலில் விறைப்பாக நிற்கும் செடிக்கு மண்ணில் நீர் இருக்கிறது. வேர் எடுத்துத் தரும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் சில மணித்தியாலங்களுக்குக் கூடிவிட்டது, அவ்வளவே. பூசணி, கத்தரி போன்ற அகன்ற இலைச் செடிகளில் இது ஆடி மாதத்தில் அன்றாடம் நடப்பது. நிழலைக் கூட்டுவதும் காற்றைத் தடுப்பதும் இதற்கு மருந்து. மேலும் நீர் ஊற்றுவது அல்ல.

விடியலிலும் வாடியிருந்து, விரல் நுனிவரை மண் உலர்ந்திருந்தால், இரவு முழுவதும் முயன்றும் வேரால் கடனை அடைக்க முடியவில்லை என்று பொருள். அன்று காலையே நீர் விட வேண்டும்.

விடியலில் வாடியிருக்கிறது, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது என்றால், நீர் விடும் கையை உடனே நிறுத்துங்கள். இங்கே மண்ணில் நீர் இருந்தும் வேருக்கு எடுக்க முடியவில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையில் மிளகாயும் பப்பாசியும் வெள்ளத்தில் நின்றபடியே வாடுவதைப் புதியவர்கள் பார்த்துத் திகைப்பார்கள். மண்ணிலுள்ள காற்றிடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டதால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்கவில்லை. மூச்சுத் திணறும் வேர் நீரை உள்ளே விடாது. வாய்க்கால் வெட்டி வடியவிடுவதும், அடுத்த முறை பாத்தியை உயர்த்திப் போடுவதும்தான் வழி.

வடிகால் நன்றாக இருந்தும் கத்தரி, தக்காளி, மிளகாயில் ஒரு செடி மட்டும் பச்சையாகவே திடீரென்று வாடினால், பற்றீரிய வாடலைச் சந்தேகியுங்கள். செடியைப் பிடுங்கி, அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, தெளிவான நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் மட்டும் நீரைத் தொடும்படி நூலில் தொங்கவிட்டு அசையாமல் வையுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்நிற இழை ஒன்று நேராகக் கீழே இறங்கினால் சந்தேகம் உறுதி. அந்த இழை பற்றீரியாக் கூட்டம். முதற்படியில் சிவப்பாகப் பார்த்த அதே குழாய்களை அது அடைத்திருக்கிறது. அந்தச் செடியை வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் அகற்றி எரித்துவிடுங்கள். அப்பாத்தியில் ஓடும் நீர் மற்றப் பாத்திகளுக்குப் போகாமல் பார்த்து, சில போகங்களுக்கு இந்தக் குடும்பத்துப் பயிர்களை அங்கே நடாதீர்கள்.

இன்னொரு காரணம் உப்பு. நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணற்பகுதிகளில் கோடை முற்றக் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கலாம். மண்நீரில் உப்புச் செறிவு கூடினால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் நகரும் பிரசாரணத்தால் நீர் வேருக்குள் போவது கடினமாகிறது. ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் இருக்கும். யூரியாவைத் தண்டடியில் கைப்பிடியாகக் கொட்டினாலும் இதே நிலைதான். உரத்தால் வந்ததை நல்ல நீரை நிறைய விட்டுக் கழுவிப் போக்கலாம். உவர் நீரால் வந்ததை அதே நீரை இன்னும் ஊற்றிப் போக்க முடியாது.

உப்பை வெல்லும் செடிகளைப் பார்க்க விரும்பினால் கிண்ணியாவிலோ மூதூரிலோ கடலேரிக் கரைக்குப் போங்கள். கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 25 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட இழுவை வேண்டும்; 1965 இல் உடலியல் ஆய்வாளர் ஸ்கொலாண்டரின் குழுவினர் உவர்நீரில் வளரும் கண்டல் தாவரங்களில் அளந்த இழுவை 35 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. அவற்றுள் கண்டல் என்றே பெயர் கொண்ட மரம் உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. கண்ணா மரம் வேறு வழியில் போகிறது: உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் முற்பகல் பத்து மணிக்கு மேல் அதன் இலையைச் சாய்த்துப் பிடித்தால், பளபளக்கும் உப்புப் பொடி கண்ணுக்கே தெரியும். விரலால் துடைத்து நாவில் வைத்தால் கரிக்கும். அதே கரையில் நிற்கும் தில்லை மரத்தை மட்டும் ஒடிக்க வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

விடியலில் இன்னொன்றையும் காண்பீர்கள். சேம்பிலும் புல்லிலும் இலை நுனியிலும் ஓரத்திலும் துளித்துளியாக நீர் நிற்கும். இலைப்பரப்பு முழுவதும் படிந்திருந்தால் அது பனி. நுனியில் மட்டும் நின்றால் அது வேரமுக்கத்தால் உள்ளிருந்து கசிந்தது. இரவில் இலைவாய் மூடி, மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும்போது வேர் கொஞ்சம் தள்ளத்தான் செய்கிறது. அந்தத் துளிகளைக் கண்ட பாத்திக்கு அன்று நீர் விட வேண்டியதில்லை.

படி ஐந்து: இழப்புக்கு ஏற்ப நீர் விடுதலும் நாற்று நடுதலும்

நீரை விடியலில் விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு இலை இழக்கப் போகும் நீர் அதற்குள் வேரைச் சேர்ந்திருக்க வேண்டும். கந்தளாய்ப் பக்கத்துச் செங்கபில மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே ஆழமாக நனையும்படி விட்டு, சில நாள் இடைவெளி கொடுத்தால் வேரும் ஆழமாகப் போகும். கரையோர மணலில் அப்படிச் செய்தால் பாதி நீர் வேரைத் தாண்டி இறங்கிவிடும்; கொஞ்சமாக, காலையும் மாலையும் விடுவதே முறை. எல்லா மண்ணுக்கும் நாளொன்றுக்கு இத்தனை லீற்றர் என்று எழுதித் தரும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. படி நான்கில் சொன்ன விடியற்சோதனையே உங்கள் மண்ணுக்கு உரிய அட்டவணை.

வைக்கோல், சருகு, தும்புச்சோறு ஆகியவற்றால் மண்ணின் மேல் நான்கு விரல் கனத்துக்கு மூடுபடை இடுவது மண்ணிலிருந்து வீணாகும் நீரைக் காக்கும். இலையால் போவதை அது தடுக்காது. அதைக் குறைக்க, கச்சான் வரும் மேற்கு, தென்மேற்குப் பக்கங்களில் கிடுகு வேலியோ உயிர்வேலியோ வேண்டும். காற்றை முழுவதும் அடைக்கும் மதிலைவிட, கொஞ்சம் ஊடுபோக விடும் வேலி நல்லது. மதிலைத் தாண்டிய காற்று மறுபுறத்தில் சுழன்று இறங்கும்.

நாற்று நடும்போது இவை அனைத்தும் ஒன்றாகக் கூடுகின்றன. நீரை உறிஞ்சும் வேர்மயிர்கள் வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள மிக மெல்லிய கலங்கள். நாற்றைப் பிடுங்கும்போது அவற்றில் பெரும்பகுதி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். இலைகளோ குறைவதில்லை. வரவு வெட்டப்பட்டும் செலவு அப்படியே இருக்கும் இந்தச் சில நாட்களில்தான் நாற்றுகள் இறக்கின்றன. ஆகவே நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றுமேடைக்கு நீரைப் படிப்படியாகக் குறைத்து, மேடையின் நிழலையும் கொஞ்சங்கொஞ்சமாக நீக்குங்கள். அதில் வளரும் இலை தடித்த புறத்தோலோடு வரும். நடும் நாளில் மட்டும் மேடையை நன்றாக நனைத்து, வேரோடு மண் ஒட்டிவரும்படி தோண்டி எடுங்கள். பொழுது சாயும் வேளையில் நடுங்கள். ஓர் இரவு முழுவதும் இழப்பின்றிக் கழியும். நட்டபின் வேரைச் சுற்றி மண்ணை விரலால் மெதுவாக அழுத்தி நீர் விட்டால், வேருக்கும் மண்ணுக்கும் இடையே காற்றிடைவெளி நில்லாமல் ஒட்டும். பெரிய இலையுள்ள கன்றானால், கீழிலைகளில் இரண்டொன்றைக் கிள்ளிவிடுவதும், வாழைக் கன்றின் அகன்ற இலைகளைப் பாதியாக நறுக்குவதும் செலவைக் குறைக்கும்.

ஒவ்வொரு நாற்றின் மேற்குப் பக்கத்திலும் ஒரு கிடுகுத் துண்டைச் சாய்த்துக் குத்துங்கள். அது பிற்பகல் வெயிலையும் காற்றையும் ஒன்றாகத் தடுக்கும். வேர்மயிர்கள் மறுபடி தோன்றும்வரை விடியலிலும் மாலையிலும் பாருங்கள். விடியலில் நிமிர்ந்து நிற்கிறதென்றால் வேர் வேலையைத் தொடங்கிவிட்டது. புதிய துளிர் விரிந்து, பிற்பகலில் வாடினாலும் மாலைக்குள் நிமிரத் தொடங்கியதும் கிடுகை எடுத்துவிடலாம். முதல் இரண்டு நாட்களுக்கு அதை மதியம் ஒரு மணிக்கு மறுபடி குத்தி வைத்து, அதன் பிறகு முழுவதுமாக நீக்குங்கள்.